சிஸ்டரிடம் கேளுங்கள்: இறங்கினால்தான் ஏற முடியும்

(நெஞ்சுநோய் வார்டில் 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கும் நம் சிஸ்டர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: சிஸ்டர், எனக்கு வயது 64. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி 4 வருஷமாக இன்ஹேலர் எடுக்கிறேன். பீடியை விட்டு 3 வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் சாயங்காலமானால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பேன். 6 மாதமாகத் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஷேவ் செய்துகொள்ளவும் மனசில்லை. பேரன் வந்து பேசினாலும் எரிச்சல். மூச்சு வாங்கும்போது இத்தோடு போய்விடுவேனோ என்று பயம். இது மனச்சோர்வு, மனநல டாக்டரையும் பாருங்கள் என்கிறார் டாக்டர். எனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லையே? நானாக ஏதாவது செய்து இதிலிருந்து வெளியே வர முடியுமா? நானே தேடிக்கொண்ட வியாதிதானே என்றும் தோன்றுகிறது.

— பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஐயா, ஷேவ் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். வார்டில் காலை ரவுண்டு போகும்போது சிலரைப் பார்ப்பேன். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 94 காட்டும். நெஞ்சில் விசில் சத்தமும் குறைந்திருக்கும். ஆள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். முகத்தில் பத்து நாள் தாடி. மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மனிதருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். தூக்கம் கெடுவதும் அலுப்பும் நுரையீரலாலும் வரும், மனசாலும் வரும். எது எதனால் என்று பிரிப்பது டாக்டர்களுக்கே சிரமம். ஆனால் பிடித்த விஷயம் பிடிக்காமல் போவது, நம்மால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுவது, இரண்டு வாரத்துக்கு மேலும் அது விலகாமல் இருப்பது, இவை மனச்சோர்வின் அடையாளம். உங்கள் கடிதத்தில் இவை இருக்கின்றன.

நீங்களாகச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை முறையிலிருந்து வந்தவை இவை. நினைப்பு, உடம்பு, செய்கை மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்றவையும் கொஞ்சம் நிற்கும் என்பதுதான் அதன் அடிப்படை.

முதலில் மூச்சு. கண்டக்டராக இருந்தவருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம். ஸ்கூல் விடும் நேரத்து டவுன் பஸ்ஸில், இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் கீழே நிற்பவர்கள் முண்டியடித்தால் என்ன ஆகும்? யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. "இறங்க விடுங்க, இறங்கினப்புறம் ஏறுங்க" என்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பீர்கள்! உங்கள் நெஞ்சிலும் அதுதான் நடக்கிறது. இந்த நோயில் காற்றுக்குழாய்கள் சுருங்கியிருப்பதால் காற்று வெளியேற நேரம் எடுக்கும். பயந்ததும் வேக வேகமாக இழுக்கிறோம். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. புதுக் காற்றுக்கு இடமில்லை, மூச்சு இன்னும் முட்டுகிறது. "போச்சு" என்று மனசு சொல்கிறது, பயம் ஏறுகிறது, இன்னும் வேகமாக இழுக்கிறோம்.

அதனால் இழுப்பதை மறந்துவிட்டு விடுவதைக் கவனியுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் அளவுக்கு மெதுவாக இழுங்கள். அப்புறம் விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து, நாலு எண்ணும் அளவுக்கு மெல்ல ஊதி விடுங்கள். முக்கி ஊத வேண்டாம்; விளக்குச் சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது. நாற்காலியில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் இன்னும் சுலபம். மூச்சு நன்றாக இருக்கும்போதே தினம் இரண்டு வேளை பழகிவிடுங்கள். முட்டும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது நோட்டு. ஒரு 40 பக்க நோட்டு போதும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதிய கை உங்களுடையது. காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நாலு கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள், மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க், அவ்வளவுதான். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். "மதியம்: படுத்திருந்தேன், 2" என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். வாரக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் எங்கேயாவது ஒரு 4 இருக்கும். என் அனுபவத்தில் இல்லாமல் இருந்ததே இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி எங்கள் வார்டுக்கு வருவார். பீடி சிகரெட்டைத் தொடாதவர். 40 வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்ததில் நுரையீரல் போனது. நோட்டில் அவர் பேத்தி எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் 1, 2, 1. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் 5. என்ன பாட்டி என்றால், பக்கத்து வீட்டுப் பெண் அவசரத்துக்கு கொஞ்சம் கனகாம்பரத்தைக் கொடுத்துத் தொடுத்துத் தரச் சொன்னாளாம். கீழே குனிந்து உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். மேசை எதிரில் உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு தொடுத்தால் முட்டவில்லை. கையை ஊன்றினால் தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ வரும். அன்றிலிருந்து தினம் ஒரு முழம் என்று வைத்துக்கொண்டோம். மனசு இருந்தாலும் ஒரு முழம், இல்லாவிட்டாலும் ஒரு முழம். நன்றாக இருக்கிற நாளிலும் ஒரு முழம்தான். மூன்றாவது வாரம் வந்தபோது அவர் தலையிலேயே பூ இருந்தது. நுரையீரல் அளவு ஊதிப் பார்த்ததில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பேத்தியோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீங்களும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். மனசு வந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த மனசு வராது. செய்த பிறகுதான் அது பின்னாலேயே வரும். நாளைக்கு ஷேவ் செய்யுங்கள். நின்றுகொண்டு வேண்டாம், கண்ணாடியை மேசையில் வைத்து, உட்கார்ந்து செய்யுங்கள். பாதிக் கன்னத்தில் மூச்சு வாங்கினால் நிறுத்தி, ஊதிவிட்டு, மீதியைத் தொடருங்கள். பிறகு தெரு. டாக்டர் சொன்ன இன்ஹேலரை எடுத்துக் கால் மணி கழித்து, உங்கள் வீட்டிலிருந்து அடுத்த கரண்ட் கம்பம் வரை போய்த் திரும்புங்கள். ஒரு வாரம் ஒரு கம்பம்தான். கம்பங்கள் உங்கள் ஸ்டேஜ். கடற்கரைக் கூட்டாளிகளில் ஒருவரை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இந்தக் கோலத்தில் என்னை அவன் பார்க்க வேண்டாம் என்று நினைப்பீர்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள்: இப்படி நினைத்தேன் என்று ஒரு வரி, அவர் வந்து போன பிறகு உண்மையில் நடந்தது இது என்று இன்னொரு வரி.

"இத்தோடு போய்விடுவேன்" என்ற நினைப்புக்கும் இதே வழி. ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதுங்கள். எத்தனை நிமிஷத்தில் மூச்சு தணிந்தது என்றும் எழுதுங்கள். நாலைந்து சேர்ந்ததும் அடுத்த தடவை படித்துப் பார்க்க உங்கள் கையெழுத்திலேயே சாட்சி இருக்கும். ஆனால் உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, குழப்பமாகப் பேச ஆரம்பித்தாலோ நோட்டை எல்லாம் மூடிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நானே தேடிக்கொண்டது என்கிறீர்கள். பீடி ஒரு காரணம், மறுக்கவில்லை. அதை விட்டவரும் நீங்கள்தான். விடுவது எவ்வளவு கஷ்டம் என்று வார்டில் ஆயிரம் பேரிடம் பார்த்தவள் நான். அந்த வரியை மட்டும் எழுதிவிட்டு இந்த வரியை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது.

டாக்டரையும் பாருங்கள் ஐயா. இங்கிலாந்தில் நியூகாஸிலில் நெஞ்சுநோய் செவிலியர்கள் உட்கார்ந்து பேசி சி.பி.டி. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களைவிடப் பதற்றம் அதிகமாகக் குறைந்தது. 2018-இல் வெளிவந்த ஆய்வு அது. அதே நாட்டில் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2023-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. அதனால் நோட்டை யாராவது ஒருவர் வாரா வாரம் பார்க்க வேண்டும், நாலைந்து வாரத்தில் மார்க் ஏறாவிட்டால் மருந்தும் வேண்டியிருக்கலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: என் மாமியாருக்கு மூச்சுத் தொந்தரவு. பாவம் என்று நானே குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் செய்கிறேன். ஆனால் நாளுக்கு நாள் சோர்ந்துதான் போகிறார். நான் என்ன தப்பு செய்கிறேன்?

— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தப்பு இல்லைம்மா, அன்பு அதிகமாகிவிட்டது. தசை வேலை செய்யாவிட்டால் இளைக்கும். இளைத்த தசைக்கு அதிகக் காற்று வேண்டும். அடுத்த தடவை சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். அவரால் முடிகிற ஒன்றை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கதவைத் தாழிடாமல், அவரே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். முதுகு மட்டும் நீங்கள். நேரம் ஆகும், வெளியே பொறுமையாக நில்லுங்கள். "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்பதைக் குறைத்து, "ரசத்துக்குப் புளி எவ்வளவு போடட்டும் அத்தை?" என்று கேளுங்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை போட்டால் மூச்சு அடங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டு வகை மாத்திரைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பொதுவாக மூச்சை அடக்குவதில்லை. பலன் தெரிய சில வாரம் ஆகும். அல்பிரஸோலம் போன்ற, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் வேறு. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு அவற்றால் ஆபத்து உண்டு. அடுத்தவர் சீட்டைக் காட்டி அதை வாங்கிப் போடாதீர்கள். மனநல டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் நெபுலைசர் மருந்தையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து அதிகமானால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்; ஸ்டீராய்டு மாத்திரையும் மனசை ஆட்டும். பையைப் பார்த்தால்தான் அவருக்கு அது தெரியும்.