கண் திறக்காத குட்டி ஆமை

கேள்வி: யாங்கோனில் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் என் மகன் சந்தையில் ஒரு குட்டி ஆமை வாங்கி வந்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உண்டு. ஒரு வாரமாக இரு கண்களும் வீங்கி மூடியே கிடக்கின்றன. காய்ந்த இறாலைத்தான் கொடுத்து வந்தோம். இப்போது அதையும் தொடுவதில்லை. வீட்டிலுள்ள கண் சொட்டு மருந்தை விடலாமா? ஆமை புகுந்த வீடு உருப்படாது, பொட்டத்தாவுங் பகோடா குளத்தில் கொண்டு விடு என்கிறார் மாமியார்.

பதில்: சொட்டு மருந்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், அம்மா. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் இன்னும் கெடும். வீக்கம் கண்ணில் தெரிந்தாலும், கோளாறு பெரும்பாலும் தீனியில்தான். காய்ந்த இறாலை மட்டும் தின்று வளரும் குட்டிக்கு வைட்டமின் ஏ போதாது. கண்ணீர்ச் சுரப்பிகளின் உள்தோல் தடித்து அடைத்துக்கொள்ளும், இமை உப்பும். சமையலறை இறாலில் உப்பு வேறு இருக்கிறது. ஆமை பார்த்துத்தான் இரை பிடிக்கும். கண் மூடினால் பட்டினிதான். அழுக்குத் தண்ணீராலும் இதே வீக்கம் வரும் என்பதால் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

அடுத்து, சூடு. ஆமையின் உடல் தானாக வெப்பம் உண்டாக்காது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும், கொடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. குட்டிக்கு 26 முதல் 28 டிகிரி தேவை. மார்கழி, தை இரவுகளில் யாங்கோன் 18 டிகிரிக்கு இறங்குவதுண்டு. ஹீட்டர் வாங்கலாம், ஆனால் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்வெட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டி வையுங்கள். மேலே கனத்த துணி போர்த்தி, காற்றுக்கு ஓரம் விடுங்கள்.

தண்ணீர் அதன் ஓட்டின் அகலம் அளவுக்கு ஆழம் இருந்தால் போதும். ஆமைக்கும் நுரையீரல்தான், தலை தூக்க முடியாத குட்டி தண்ணீரில் மூழ்கிச் சாகும். ஏறி உலர ஒரு கல் வையுங்கள். தினமும் காலை வெயிலில் கால் மணி நேரம், பாதி நிழலுள்ள தட்டில் விடுங்கள், காக்கை தூக்காமல் பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள்: உள்ளே வெந்துபோகும், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரையும் கண்ணாடி தடுத்துவிடும்.

கண் திறந்ததும் ஆமைத் தீனிக் குருணை, மண்புழு, துருவிய காரட், பூசணி, பொடியாக நறுக்கிய வள்ளைக்கீரை என்று மாற்றுங்கள். வாயைப் பிளந்து ஊட்ட வேண்டாம். வைட்டமின் ஊசியை அளவு தெரியாதவர் போட்டால் தோல் உரிந்துவிடும். நாய்க்குப் பூச்சி மருந்தாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். பத்துப் பதினைந்து கிராம் உயிருக்கு ஒரு துளி கூடினாலும் தவறு என்பதால் எடை முக்கியம். சமையலறைத் தராசில் சரியாகத் தெரியாது. தெரிந்த நகைக்கடை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மாமியார் சொன்ன பழமொழியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் ஆமையோடு சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வீட்டுக்குள் புகுவது உண்மை. நலமாயிருக்கும் ஆமையின் கழிவிலும் அது இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்றுதான் அமெரிக்கா 1975-இல் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். மகன் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவட்டும்.

குளத்தில் விடுவது புண்ணியமாகாது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள உங்கள் குட்டி சிவப்புக்காது ஆமை, அமெரிக்காவிலிருந்து வந்த இனம். கண் தெரியாத குட்டி அங்கே பிழைக்காது, பிழைத்து வளர்ந்தால் உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாட்களில் தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு விட்டாலோ நிமோனியாவாக இருக்கலாம், அன்றே கிளம்புங்கள். தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மூடியில் துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதில் விட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.