பத்தே பத்து வேலைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளிடம் பேசினால் எதிர்காலத்தைப் பற்றிய பயம் குறைகிறது’ என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் பள்ளி இறுதி வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். அந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும்தான்.

ஆண்டுதோறும் என் மாணவர்களிடம், ‘என்ன படிக்கப் போகிறாய், ஏன்?’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வேன். பாதிப் பேர் மருத்துவம். மீதியில் பெரும்பாலோர் கணினி. காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: சமுதாயத்துக்குச் சேவை. இந்த முறை ஒரு மாணவி மட்டும் காது கேட்கும் கருவிகளை வடிவமைக்கப் போவதாக எழுதியிருந்தாள். அவள் தம்பி அந்தக் கருவியை அணிபவன். அவன் வளர வளர, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து, கருவி விசிலடிக்கிறதாம். வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறானாம்.

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து இவளும் எங்கோ வேறு எதையோ செய்துகொண்டிருப்பாள். அப்படிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இவர்களிடம் நம்பிக்கை காண்பது, பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இல்லையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிரித்ததில் தவறே இல்லை. ‘நாளைய உலகம் உங்கள் கையில்’ என்று மேடையில் முழங்கிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது. எரிச்சலைப் பற்றி மட்டும் கொஞ்சம் வாதாடுகிறேன்.

முதலில் அந்த ஒரே மாதிரிப் பதில்கள். அவை உங்கள் வகுப்பின் குறை அல்ல. பல நாடுகளில் 15 வயது மாணவர்களின் கல்வித்திறனை அளக்கும் பிசா ஆய்வில், 2018ஆம் ஆண்டு, ‘முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய்?’ என்று அவர்களிடம் கேட்டார்கள். 41 நாடுகளிலும் பிரதேசங்களிலும் கிடைத்த பதில்களைத் தொகுத்தபோது, பையன்களில் 47 சதவீதத்தினரும் பெண்களில் 53 சதவீதத்தினரும் தத்தம் பட்டியலில் பத்தே பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் இருந்ததைவிட இந்த நெரிசல் கூடியும் இருந்தது. இணையத்தால் புதுப்புது வேலைகள் முளைத்த அதே காலத்தில்! இதைப் பார்த்துப் பிள்ளைகளின் கற்பனை வறண்டுவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. நான் கட்ட மாட்டேன். கேள்வியே படாத வேலைக்கு யார் ஆசைப்பட முடியும்? மருத்துவரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் காதுக்குள் பசை செலுத்தி, அது இறுகும்வரை காத்திருந்து, அச்செடுக்கிறவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

உங்கள் மாணவி பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். தம்பியோடு போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாள். அவள் எழுதிய விசில் ஏன் வருகிறது தெரியுமா? அச்சுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், கருவி பெருக்கிக் கொடுத்த ஒலி வெளியே கசிகிறது. கசிந்த ஒலியைக் கருவியின் மைக் மறுபடி வாங்கிக்கொள்கிறது, கருவி அதை மறுபடி பெருக்குகிறது. ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கிளம்பும் அதே அலறல்தான். காது வளர்ந்துகொண்டே இருப்பதால் குழந்தைகளுக்கு அச்சை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். இதை ஆராயப் புகுந்தால் ஒலியியல் வரும், கணிதம் வரும், எந்தப் பொருளில் வார்ப்பது என்ற கேள்வி வரும். இவை எல்லாம் கல்லூரியில் கிடைக்கும். ஒரு சிறுவனின் வெட்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது. அதை அவள் கையோடு கொண்டுபோகிறாள்.

அவள் நாளை ஒரு வங்கியில் வேலை பார்க்கலாம். பார்க்கட்டுமே. ‘கருவியில் பழுது இல்லை, ஆனால் அது பைக்குள் கிடக்கிறது’ என்பதை அறிந்த ஒருத்தி அந்த வங்கியில் இருப்பாள். வயதானவர் ஒருவர் புதிய செயலி முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போது, குறை அவரிடம் இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

‘வேறு எதையோ செய்துகொண்டிருப்பாள்’ என்பதைத் தோல்வியின் கணக்கில் எழுதுகிறீர்கள். 1856 ஈஸ்டர் விடுமுறையில் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவன், வீட்டிலிருந்த சிறிய ஆய்வகத்தில் கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். மலேரியாவுக்கான அந்த மருந்து அப்போது சின்கோனா மரப்பட்டையிலிருந்து மட்டுமே கிடைத்தது. பையனின் குடுவையில் சேர்ந்தது கறுப்புக் கசடு. சாராயம் ஊற்றிக் கழுவும்போது அது அழகான ஊதாவாகக் கரைந்தது. செயற்கைச் சாயத் தொழில் பிறந்த கதை இது, பலருக்கும் தெரிந்ததுதான். அதன் பின்பாதி அவ்வளவு பேசப்படுவதில்லை. அந்தத் தொழிலில் பின்னால் வந்த மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை 1891இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஓரளவு பலனும் இருந்தது. 18 வயதில் ஒருவன் குறிவைத்துத் தவறவிட்ட நோய்க்கு, 35 ஆண்டுகள் கழித்து, வேறொருவர் கையில், அவன் தொடங்கிவைத்த தொழிலிலிருந்து ஒரு மருந்து வந்தது.

இப்படியொரு கதையைச் சொன்னால் எல்லாம் தானாகவே நல்லபடி முடியும் என்று தொனிக்கும். முடியாது. ஒரு பெர்கினுக்கு எத்தனையோ குடுவைகள் வெறுமனே கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். அவனுக்கு வீட்டிலேயே ஆய்வகம் இருந்தது. கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முடியும் என்று எண்ணிய ஹாஃப்மன் பேராசிரியராக வாய்த்தார். சாயத் தொழிற்சாலை தொடங்க அப்பா பணம் போட்டார், அண்ணன் கூட நின்றான். ஒரு பிள்ளையின் ஆசைக்குப் பின்னால் இத்தனை பெரியவர்கள்!

ஆறுதலா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். 2019 செப்டம்பரில் ஐ.நா. காலநிலை உச்சி மாநாட்டில் சுவீடனைச் சேர்ந்த 16 வயது காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் கொதித்ததும் இந்த ஆறுதலைக் கண்டுதான். ‘நான் பள்ளியில் இருக்க வேண்டியவள், நீங்கள் நம்பிக்கை தேடி எங்களிடம் வருகிறீர்கள், என்ன துணிச்சல்’ என்ற பொருள்பட அவர் பேசினார். பிள்ளைகள் எழுதிய பக்கத்தைப் படித்து நெஞ்சு நிறைந்து, மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனால், நீங்கள் சொல்வது சரி, அது வெறும் ஆறுதல்தான். நான் எழுதிய நம்பிக்கைக்கு வேலை உண்டு. அவர்கள் எழுதிய அந்தப் பக்கம் நம்மிடம் வந்து சேரும் ஒரு மனு. படித்தவர் ஏதாவது செய்தாக வேண்டும்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை அந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் நான்கைந்து பேரை வகுப்புக்கு அழையுங்கள். மருத்துவரும் மென்பொருள் பொறியாளரும் வேண்டாம், அவர்களைப் பிள்ளைகளுக்குத் தெரியும். காதுக்கு அச்செடுப்பவர், நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பவர், பழைய ஆவணங்களைச் செல்லரிக்காமல் காப்பவர், ரயில்களின் கால அட்டவணை போடுபவர், இப்படி யாராவது. அறிவுரை சொல்லச் சொல்லாதீர்கள். நேற்று காலை முதல் மாலை வரை என்ன வேலை பார்த்தார்கள், எதில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள் என்று மட்டும் சொல்லட்டும். தாளை அதற்குப் பிறகு கொடுங்கள். அப்போதும் பாதிப் பேர் மருத்துவம் என்றே எழுதினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்