மறைத்து வைத்த இன்ஹேலரும் ஏறிவரும் சர்க்கரையும்

கேள்வி: என் மனைவிக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளாக ஆஸ்துமாவும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை முற்றினால் நுரையீரலில் இறங்கி ஆஸ்துமாவாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? எங்கள் மகளுக்கும் இவை வருமா? ஞாயிறுதோறும் காலையில் வெறும் வயிற்றில் வீட்டிலேயே பார்க்கிறோம், 120ஐத் தாண்டுவதில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2 சதவீதத்திலிருந்து 8.9க்கு ஏறிவிட்டது. இத்தனைக்கும் அவள் இனிப்பைத் தொடுவதே இல்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் இப்போதைக்கு இன்ஹேலரை விட்டுவிட்டாள். மூச்சு வாங்கும்போது பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி நான்கைந்து நாள் போட்டுக்கொள்கிறாள், மாதம் இரண்டு முறையாவது.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உறவினர்கள் சொன்னதை முதலில் எழுதி, மனைவி செய்வதைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் கடைசியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இந்த இரண்டு நோய்களையும் இன்று இணைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த மாத்திரைதான்.

அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆஸ்துமா அதிகமாகும்போது நான்கைந்து நாளுக்கென்று எழுதித் தரப்படுவது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையாகத்தான் இருக்கும். அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்குகிற அதே மருந்து, கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை உண்டாக்க வைக்கிறது. இன்சுலின் சொல்வதைத் தசைகள் கேட்காதபடியும் செய்கிறது. காலையில் போட்ட மாத்திரையால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறத் தொடங்கும் சர்க்கரை, இரவு வரை உயரத்தில் நின்றுவிட்டு, விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். நீங்களோ வாரம் ஒருமுறை, அதுவும் அது இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்காத பிற்பகல்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பதால்தான் மூன்று மாதச் சராசரி 8.9 என்று காட்டுகிறது. பத்தாண்டு நோய் தானாகவே சற்று மோசமாகியும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மாதம் இரண்டு முறை ஸ்டீராய்டு விழுங்குகிறவரிடம் இனிப்பைப் பற்றி விசாரிப்பது வீண்.

இனி உங்கள் கேள்வி. சர்க்கரை நோய் நுரையீரலில் இறங்கி ஆஸ்துமாவாக மாறுவதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது, தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆனால் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பு. அது சும்மா கிடக்கும் சுமையன்று. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து, இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையை உண்டாக்குவதோடு, உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரல் விரிவதையும் குறைக்கிறது. நடுத்தர வயதில் புதிதாக ஆஸ்துமா தொடங்கும் பெண்கள் பலரிடம் உடல் பருமன் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மகளைப் பொறுத்தவரை, இரண்டு நோய்க்கும் பரம்பரைச் சாயல் உண்டு. ஆனால் எடையும் நடையும் புகையில்லாத சமையலறையும் அவர் கையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் கேட்டு வைக்கிறேன். பத்தாண்டு சர்க்கரை உள்ளவருக்கு இரவில் மூச்சு முட்டினால் அது ஆஸ்துமாவாகவே இருக்க வேண்டியதில்லை, இதயமாகவும் இருக்கலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையோ, இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோவோ எடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இன்ஹேலரை நிறுத்தியதற்கு நீங்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. பெண் பார்க்க வருகிறவர்களில் இரண்டு பேராவது “எனக்குச் சர்க்கரை இல்லாமல் காபி” என்று கூசாமல் கேட்கிறார்கள். அதே கூடத்தில் உங்கள் மனைவி இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா? இதே காரணத்தைச் சொல்லும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல, ஒவ்வொன்றும் எரிச்சலைத்தான் தருகிறது. இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில், நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில், இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் போகிறது. மருந்துகளின் வீரியம் வேறு வேறு என்றாலும், வழக்கமான அளவில் இன்ஹேலர் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றுவதில்லை. அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தால் சற்று ஏற்றக்கூடும். ஆக, மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்குப் பயந்து, தீங்கு குறைந்ததை அலமாரியில் பூட்டிவிட்டு, தீங்கு கூடியதை மனைவியின் வாயில் போட்டிருக்கிறீர்கள்.

“அவளே நிறுத்திவிட்டாள்” என்று நீங்கள் சொல்லக்கூடும். நம் வீடுகளில் ஒரு தாய் தன் மூச்சையே மகளின் கல்யாணத்துக்காக அடக்கிக்கொள்ள முன்வருவாள். அதைத் தியாகம் என்று மெச்சிவிட்டு ஏற்றுக்கொள்கிற கணவன் தன் கடமையிலிருந்து நழுவுகிறான் என்பதே என் கருத்து. அம்மாவின் நோயைச் சொன்னதும் எழுந்து போகிற வீட்டில், நாளை உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் சம்பந்திகள் கேட்கப்போவது நோயைப் பற்றியன்று, நீங்கள் மறைத்ததைப் பற்றித்தான். அப்போது தலைகுனிய வேண்டியது உங்கள் மகள்.

இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை இன்றே தூக்கியெறிந்துவிட வேண்டாம். ஆஸ்துமா கடுமையாகும்போது மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அதுவே உயிர் காக்கும் மருந்து. தவிர, அடிக்கடி ஸ்டீராய்டு எடுத்த உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கக்கூடும். திடீரென்று நிறுத்தினால் ஆள் சரிந்துவிடலாம். குற்றம் மருந்தின்மேல் இல்லை, பழைய சீட்டின்மேல் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு, இந்த வாரமே நீங்களும் உடன் சென்று நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள். எத்தனை முறை மாத்திரை போட்டார் என்பதை நாட்காட்டி பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். சர்க்கரை மருத்துவருக்கும் அதே தாளைக் காட்டுங்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. மாத்திரை எடுக்கும் நாள்களில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் சர்க்கரையைப் பாருங்கள். மூச்சுத் திணறலுக்கு உடனடி நிவாரணம் தரும் சால்பூட்டமால் எடுத்த பின் கை நடுக்கமும் படபடப்பும் வந்தால், சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று நினைத்து உடனே இனிப்பு கொடுக்க வேண்டாம். முதலில் கருவியில் பாருங்கள், தாழ்ந்திருந்தால் மட்டும் கொடுங்கள். இன்ஹேலரை அதன் வாயில் பொருத்தும் குழாயான ஸ்பேசரோடு பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாயில் பூஞ்சை எளிதில் படியும்.

அடுத்து வரும் வரன் வீட்டாரிடம் இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், உங்கள் மனைவி அல்லர். அவர்கள் வந்திருக்கும் நேரத்திலேயே, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாதபடி அவருக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, காபி ஆறட்டும் என்று விட்டுவிட்டு 108ஐ அழையுங்கள்.