வாலஸ் எங்கே?

அன்புள்ள ஐயா,

பால்டிமோர் போலீஸும் போதைமருந்துக் கும்பலும் மோதும் அமெரிக்கத் தொடர் ‘தி வயர்’, அதன் முதல் சீசனை முடித்துவிட்டேன். நான்காவது எபிசோடிலேயே விட்டுவிடலாம் என்று இருந்தது, யார் போலீஸ், யார் யாருக்கு மேலதிகாரி என்று பிடிபடவே அவ்வளவு நேரம் ஆகிறது. 13 எபிசோட் பொறுமையாகப் பார்த்தால் கடைசியில் கும்பல் தலைவன் ஏவனுக்கு வெறும் ஏழு வருஷச் சிறை, அவன் வலதுகை ஸ்ட்ரிங்கர் பெல் வெளியே நடமாடுகிறான், வழக்கைத் தொடங்கிவைத்த போலீஸ்காரர் மக்நல்டியைத் துறைமுகப் படகுக்குத் தூக்கி அடிக்கிறார்கள். கும்பலில் இருந்த சின்னப் பையன் வாலஸைக் கொன்றதை என்னால் தாங்கவே முடியவில்லை. எதற்கு இவ்வளவும்? இதை ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

வாலஸிடமிருந்தே தொடங்குகிறேன். மக்நல்டியைக் கதாநாயகனாக வைத்துப் பார்த்தால் இந்த சீசன் ஏமாற்றமாகத்தான் முடியும். எனக்கு இது ஏவனின் சகோதரி மகன் டி'ஆஞ்சலோவின் கதை. முதல் எபிசோடில் கொலை வழக்கிலிருந்து விடுதலையாகி வருகிறான், சாட்சி ஒருத்தி பேச்சை மாற்றிக்கொண்டதால். மாற்றிக்கொள்ளாமல் உண்மையைச் சொன்ன இன்னொரு சாட்சி அந்த எபிசோட் முடிவதற்குள் தெருவில் பிணமாகக் கிடக்கிறார், அதை டி'ஆஞ்சலோ கூட்டத்தோடு நின்று பார்க்கிறான். தன்னைக் காப்பாற்றும் குடும்பம் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவன் செய்வதெல்லாம், கும்பல் போதைமருந்து விற்கும் குடியிருப்பு முற்றத்தில் அந்த ஆரஞ்சு சோபாவில் உட்கார்ந்து பையன்களிடம் பேசுவது உட்பட, வெளியே போக ஒரு வழி இருக்கிறதா என்று துழாவுவதுதான்.

மூன்றாவது எபிசோடில் அவன் செஸ் சொல்லிக்கொடுக்கும் காட்சியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். ராஜா எப்போதும் ராஜாதான், சிப்பாய்கள் சீக்கிரம் வெட்டுப்படுவார்கள் என்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவனுக்குக் கீழே விற்கும் பையன்கள் போடியும் வாலஸும். கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் தப்பிக்கலாமே என்று கேட்பவன் போடி. 12ஆவது எபிசோடில் வாலஸ் மீது முதல் குண்டைச் சுடுபவனும் அவன்தான், சுட்டுவிட்டுக் கை ஓடாமல் நிற்கிறான், கூட வந்த நண்பன் பூட் துப்பாக்கியை வாங்கி முடிக்கிறான். வாலஸுக்கு 16 வயது. யாரும் இல்லாத வீட்டில், எங்கிருந்தோ வயர் இழுத்து மின்சாரம் எடுத்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளைக் காலையில் எழுப்பி, சிப்ஸும் ஜூஸும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவன். கிராமத்தில் பாட்டி வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அந்த முற்றத்தைத் தவிர வேறு ஊர் தெரியாததால் திரும்பி வந்தான். உங்களால் தாங்க முடியாததில் எந்த ஆச்சரியமும் இல்லை, என்னாலும் முடியவில்லை.

மெதுவாகப் போகிறது என்கிறீர்கள், ஆமாம், போகத்தான் செய்கிறது. எழுதியவர்களைப் பாருங்கள்: டேவிட் சைமன் ‘பால்டிமோர் சன்’ பத்திரிகையில் பல வருஷம் போலீஸ் செய்தி எழுதியவர், எட் பர்ன்ஸ் அதே ஊர்க் காவல்துறையில் 20 வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் பள்ளி ஆசிரியரானவர். உண்மையான விசாரணையில் எவ்வளவு நேரம் காத்திருப்பிலேயே போகும் என்று தெரிந்தவர்கள். போன் ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதிக்க வேண்டும், அதற்கு மற்ற வழியெல்லாம் பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும், அப்புறமும் அந்தப் பொது போனில் இப்போது பேசுவது தேடப்படும் ஆள்தான் என்று ஒருவர் மொட்டைமாடியிலிருந்து பார்த்துச் சொன்னால்தான் கேட்கலாம். இந்தச் சிரமத்தை வெட்டி எறிந்திருந்தால், கும்பல் பேஜரில் அனுப்பும் எண்களின் ரகசியம் உடையும்போது வரும் சந்தோஷமும் கிடைத்திருக்காது. ஐந்துக்குப் பூஜ்யம், மற்ற எண்களுக்குப் போன் பட்டன்களில் ஐந்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கும் எண். அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடிப்பவன் அந்தப் போலீஸ் குழுவில் இருக்கும் பிரெஸ்! சில எபிசோடுகளுக்கு முன்னால் 14 வயதுப் பையன் ஒருவனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கண்ணைப் போக்கியவன். அவனை வெறுப்பதா மெச்சுவதா என்று தொடர் நமக்குச் சொல்வதில்லை, இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் இந்தத் தொடரை முழுசாக நம்ப ஆரம்பித்தேன்.

அதே குழுவில் இருக்கும் துப்பறிவாளர் லெஸ்டர் ஃப்ரீமனைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! மேலிடத்துக்குப் பிடிக்காத ஒரு வழக்கைச் சரியாகச் செய்ததற்காக 13 வருஷம் அடகுக்கடைப் பிரிவில் முடங்கிக் கிடந்தவர், பொம்மை வீட்டுச் சாமான் செதுக்கிக்கொண்டே ஏவனின் முகத்தை ஒரு குத்துச்சண்டை போஸ்டரிலிருந்து கண்டுபிடித்துக் கொண்டுவருகிறார். வேலை தெரிந்தவரை இந்தக் காவல்துறை ஒதுக்கி வைக்கிறது. அந்தப் பக்கம் ஏவனின் கும்பலில் மனசு உள்ளவனுக்கு இடமில்லை.

எதற்கு இவ்வளவும் என்று கேட்டீர்கள். சிறையில் தன்னைப் பார்க்க வந்த ஸ்ட்ரிங்கரிடம் டி'ஆஞ்சலோ, வாலஸ் எங்கே, அந்தப் பையன் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பதில் வராது. அதற்கப்புறம் முதல்முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக வாழ வேண்டும், சாட்சி சொல்கிறேன் என்று துணிகிறான். பெற்ற தாயே வந்து, குடும்பத்தை நினைத்துப் பார் என்று பேசி அதைத் தடுக்கிறாள். 20 வருஷத் தண்டனையை வாங்கிக்கொள்கிறான். ஒட்டுக்கேட்டு இத்தனை மாதம் போலீஸால் முடியாததை அவன் ஒருவன் முடித்திருக்கலாம், ஏவனுக்கு ஏழு வருஷத்தோடு போயிருக்காது. அந்த வழி அடைபட்டது ஒரு தாயின் பேச்சால். 2002இல் வந்த இந்த 13 மணி நேரத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அது, வாலஸின் சாவைவிடவும்.

இரண்டாவது சீசன் துறைமுகத் தொழிலாளர்களிடம் போகிறது, பாதி முகங்கள் புதுசு. மறுபடி நான்காவது எபிசோடில் விட்டுவிடாதீர்கள். டி'ஆஞ்சலோவும் அவன் தாயும் அதிலும் வருகிறார்கள். ஆறாவது எபிசோட் வரை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.