குதிரைவால் செடி: சிறுநீருக்கா, எலும்புக்கா, முடிக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குதிரைவாலி அரிசி சமைக்கிறோம். கடையில் விற்கும் குதிரைவால் மாத்திரையும் அதிலிருந்து செய்ததுதானா?

இல்லை அம்மா. குதிரைவாலி சிறுதானியம். குதிரைவால் பூக்காது, காய்க்காது. பெரணிபோல வித்துத்தூளால் பெருகும் செடி. ஈக்விசீட்டம் என்பது அதன் பேரினம். அரிசிக்குச் சொல்லும் குணம் எதையும் மாத்திரைக்குப் பொருத்த வேண்டாம்.

கேள்வி: வாசலில் பூச்சட்டியில் மூங்கில்போலக் கணுக்கணுவாக ஒரு செடி நிற்கிறது. நர்சரியில் 'குதிரைவால்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இனம் வேறு. மனிதர்களிடம் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஈக்விசீட்டம் ஆர்வென்சே என்ற இனத்தைப் பற்றியது. அது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காவின் குளிர்நிலச் செடி. நம் ஊரில் தானாக முளைப்பதில்லை. அதன் கணுக்களில் மெல்லிய கிளைகள் வட்டமாக விரிந்திருக்கும். உங்கள் சட்டியில் கிளையில்லாத தடித்த பச்சைத் தண்டும் கணுவில் கறுப்பு வளையமும் இருந்தால் அது பெரும்பாலும் ஹையமாலே இனம், அழகுக்கு வளர்ப்பது.

இன்னொரு இனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: பலுஸ்திரே. சதுப்பு நிலத்தில் வளரும். இதிலுள்ள பலுஸ்திரின் என்ற ஆல்கலாய்டு (செடியில் இயற்கையாக உண்டாகும் வேதிப்பொருள்) மாடு, குதிரைகளுக்கு நஞ்சு. ஐரோப்பாவில் ஆர்வென்சேயை அறுக்கும்போது இதுவும் கலந்துவிடுவதுண்டு. பச்சையாக இருக்கையில் பிரித்தறியலாம்: பக்கக்கிளையின் முதல் கணுவிடை, தண்டிலுள்ள உறையைவிட நீளமாக இருந்தால் ஆர்வென்சே, குட்டையாக இருந்தால் பலுஸ்திரே. நறுக்கிக் காயவைத்த பொட்டலத்தில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆய்வுக்கூடச் சோதனை நடந்த சரக்கைத்தான் வாங்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். தோட்டத்துக் கால்வாய் ஓரத்தில் கிடைப்பதையும் பறிக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் உண்டு; இந்தச் செடி மண்ணிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல். குதிரைவால் கசாயம் கல்லைக் கரைக்குமா? எவ்வளவு போடவேண்டும்?

கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிறுநீரைக் கூட்டும் என்பதற்கு ஓரளவு உண்டு. பிரேசிலில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் உடல்நலமுள்ள 36 ஆண்களுக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் காய்ந்த சாறு கொடுத்தார்கள். நீர் வெளியேறியது, சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மில்லிகிராம் மாத்திரைக்கு இணையாக இருந்தது. உப்புச்சத்து இழப்பில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கொடுத்தது 4 நாள் மட்டுமே, அதுவும் கல் இல்லாதவர்களுக்கு. இதை வைத்துக் கல்லுக்கு மருந்து என்று சொல்ல முடியாது.

அளவு: மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட ஜெர்மனியின் கமிஷன் ஈ குழு வரையறுத்தது நாளைக்கு 6 கிராம் காய்ந்த பச்சைத் தண்டு. ஒரு வேளைக்கு 2 கிராம், சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். காய்ந்த தண்டு லேசானது, கரண்டிக் கணக்கு தவறும். 200 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, 10 நிமிடம் மூடிவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தேயிலைபோல வெந்நீர் ஊற்றி உடனே எடுத்தால் கடினமான தண்டிலிருந்து சத்து சரியாக இறங்காது. துணியில் வடிகட்டாவிட்டால் சிலிக்கா நிறைந்த துகள்கள் தொண்டையை உறுத்தும். ஐரோப்பாவில் ஈயப் பாத்திரம் தேய்க்கவே இந்தச் செடியை வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் செய்து தண்ணீர் குறைத்தால் பயனில்லை. வெயிலில் வேர்த்து, மத்தியானம்வரை ஒரு போத்தல் தண்ணீரோடு ஓட்டுவதுதான் கல் வளர வழி. நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கவேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. 4 மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் தானே இறங்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீர் அடைப்பு, தாங்காத வலி என்றால் கசாயத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அன்றே.

கேள்வி: அப்பா டயாலிசிஸ் செய்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. அவருக்கு நீர் அளவுக் கட்டுப்பாடு உண்டு. செடியிலோ பொட்டாசியம் இருக்கிறது. கடுமையான இதயநோயாளிக்கும் இதே பதில்தான். லித்தியம் மாத்திரையோ, நீர் போவதற்கான மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, எலும்பு தேய்மானம். குதிரைவாலில் சிலிக்கா இருப்பதால் எலும்பு பலப்படும் என்கிறார்களே?

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற நீண்டகால இதயநல ஆய்வின் இரண்டாம் தலைமுறையினரைப் பார்த்து 2004-இல் வெளியான கட்டுரை சொல்வது இது: உணவில் நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் சிலிக்கான் (சிலிக்காவிலுள்ள தனிமம்) சேர்ந்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி, 14 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தவர்களைவிட 10 விழுக்காடுவரை கூடுதல். ஆனால் இது ஆண்களிடமும் மாதவிடாய் நிற்காத பெண்களிடமும் மட்டுமே தெரிந்தது. உங்கள் அம்மா வயதினருக்கு அந்தப் பலன் தெரியவில்லை. விளம்பரங்கள் விட்டுவிடும் வரி இதுதான். அதோடு, அங்கே அளந்தது உணவுச் சிலிக்கான், குதிரைவால் அல்ல. மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சர்க்கரைப் புண்ணில் பூசலாமா?

வேண்டாம். ஈரானில் 2015-இல் வெளியான ஆய்வில் பிரசவத் தையல் புண்ணுக்கு 3 விழுக்காட்டு களிம்பை 10 நாள் பூசினார்கள். 108 தாய்மார்கள் பங்கேற்றார்கள். புண் ஆறியது, வலியும் குறைந்தது. அது சுத்தமான, புதிய தையல், ஆய்வுக்கூடத்தில் செய்த களிம்பு. காலில் மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்கு வீட்டில் அரைத்த விழுது கிருமியைத்தான் கொண்டுவரும். கிளினிக்கில் கட்டு மாற்றுங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குதிரைவால் கேப்சூல் கிடைக்கிறது. வாங்கலாமா?

முடிக்குச் சான்று மிகக் குறைவு. வாங்கியே ஆகவேண்டுமென்றால் டப்பாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண் 'டி' எழுத்தில் முடியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று சரிபாருங்கள்.

இன்னொன்று: பச்சைச் செடியில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு, அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். காய்ந்த வைக்கோலில் கலந்ததைத் தின்ற குதிரைகளே தள்ளாடி விழுந்திருக்கின்றன. ஆகவே வெறுமனே வெயிலில் உலர்த்தினால் அது போகாது, நன்றாகச் சூடாக்கவேண்டும். சூடுபடுத்தாத தூளை அடைத்த கேப்சூலில் கவனம் தேவை. தினமும் மது குடிப்பவருக்கு ஏற்கெனவே பி1 குறைவாக இருக்கும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.