1789 முதல் 1848 வரை: புரட்சிகளையும் கொள்கைகளையும் வகுப்பில் எப்படிச் சேர்த்து நடத்துவது?

கேள்வி: "உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியப் புரட்சிகளையும், தாராளவாதம், பழமைவாதம், தேசியவாதம், சோசலிசம் போன்ற கொள்கைகளையும் எப்படி நடத்துவது? தேதிகளை ஒப்பிக்கிறார்கள், வரையறைகளையும் எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் இணைத்து ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள்."

நாம் தனித்தனியாக நடத்துவதால்தான் விழிக்கிறார்கள். நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு, கடைசியில் ஒரு பீரியட் ஒதுக்கி நாலு கொள்கைகளுக்கும் விளக்கம் எழுதிப் போடுகிறோம். "தாராளவாதம் என்பது சுதந்திரத்தை விரும்புவது" என்று நோட்டில் ஏறிவிடுகிறது. 1830-ல் ஆட்சிக்கு வந்த தாராளவாதிகள் ஏழைக்கு ஏன் ஓட்டுரிமை தரவில்லை என்பதற்கு அந்த வரியில் பதில் கிடையாது.

என் யோசனை: ஐரோப்பா முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பிரான்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஓட்டு யாருக்கு?" என்ற ஒரே கேள்வியை 1789-லிருந்து 1848 வரை கொண்டுபோங்கள். கொள்கைகள் தேவைப்படும் இடத்தில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஆறேழு பீரியடில் முடிந்துவிடும். மற்ற நாடுகளுக்குக் கடைசி ஒரு பீரியட் போதும்.

முதல் பீரியட் எஸ்டேட்ஸ் ஜெனரல், அதாவது குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்ற மூன்று பிரிவுகளின் (எஸ்டேட்) பிரதிநிதிகளை மன்னர் கூட்டிய சபை. இதை நடித்துத்தான் பார்க்க வேண்டும், சொல்லிப் புரியாது. 40 பேர் கொண்ட வகுப்பில் 10 பேர் குருமார், 10 பேர் பிரபுக்கள், 20 பேர் மூன்றாம் எஸ்டேட். 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடிய ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளும் இதே விகிதத்தில்தான் இருந்தார்கள். பல ஆசிரியர்கள் செய்யும் தவறு, வகுப்பை மக்கள்தொகைக் கணக்கில் பிரிப்பது: ஒருவர் குரு, ஒருவர் பிரபு, மீதி 38 பேர் மூன்றாம் எஸ்டேட். பாவம் ஏழைகள் என்ற உணர்ச்சி வரும், ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பது தொலைந்துபோகும். மூன்றாம் எஸ்டேட்டின் பிரதிநிதிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்களும் அரசு அலுவலர்களும்; ஏழை விவசாயி யாரும் அங்கே வந்து உட்காரவில்லை.

குருமார் பத்துப் பேருக்கும் சீட்டு கொடுங்கள். மூன்று பேர் பிஷப்கள், ஏழு பேர் ஊர்ப் பங்குத்தந்தைகள். பங்குத்தந்தைகளில் மூவரின் சீட்டில் மட்டும் "முதல் சுற்றில் பிஷப்போடு நில்" என்று எழுதியிருக்கட்டும். தீர்மானம்: "பிறப்பால் வரும் சலுகைகள் ஒழிய வேண்டும்." (வரியைத் தீர்மானமாக வைக்காதீர்கள். தாங்களும் வரி கட்டத் தயார் என்று பிரபுக்களில் பலர் தங்கள் குறைமனுக்களிலேயே எழுதியிருந்தார்கள். முட்டிக்கொண்டது ஓட்டெடுக்கும் முறையில்தான்.) முதல் சுற்று எஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. குருமாருக்குள் 6-க்கு 4, ஆகவே எதிர்ப்பு, பிரபுக்களும் எதிர்ப்பு, 2-க்கு 1 என்று தீர்மானம் தோற்கும். இரண்டாம் சுற்று தலைக்கு ஒரு ஓட்டு. இருபதோடு நான்கு பங்குத்தந்தைகள் சேர, 24-க்கு 16 என்று வெல்லும். வகுப்பில் யாரும் மாறவில்லை, எண்ணும் முறை மட்டும் மாறியது. உண்மையிலும் தனியாக உட்காருவதென்று மே மாதம் குருமார் எடுத்த முடிவு 133-க்கு 114 என்ற நூலிழை வித்தியாசத்தில்தான். ஜூன் 13-ல் முதலில் மூன்றாம் எஸ்டேட் பக்கம் போனவர்கள் மூன்று பங்குத்தந்தைகள். ஜூன் 17-ல் மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சட்டமன்றம் என்று அறிவித்தது, 20-ல் அரசியலமைப்பு வரும்வரை கலைவதில்லை என்ற டென்னிஸ் மைதான உறுதிமொழி. இந்த இரண்டு தேதிகளையும் ஓட்டெடுப்பு முடிந்தபிறகு கரும்பலகையில் எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். நடிப்புக்கு 25 நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் சந்தைக்கடைதான்.

ரொட்டிக்குப் பாதிப் பீரியட். பாரிஸில் 1789 தொடக்கத்தில் நாலு பவுண்டு ரொட்டி, அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 14½ சூ (அன்றைய சில்லறைக் காசு). கூலியாளின் தினக்கூலி 20 முதல் 30 சூ. வாடகை, விறகு, துணி என்று மீதியை அவர்களே கணக்குப் போடட்டும். "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" கதை கட்டாயம் வரும். அரசி மரி அந்துவானெத் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை. 1760-களில் எழுதிய தன்வரலாற்றில் சிந்தனையாளர் ரூஸோ பெயர் சொல்லாத ஓர் இளவரசியின் வாயில் அதைப் போட்டிருக்கிறார். அப்போது மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் இருந்த சிறுமி. பாரிஸ் கூட்டம் தாக்கிய பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பற்றியும் ஒரு வரி: உள்ளே இருந்த கைதிகள் ஏழு பேர், கூட்டம் முக்கியமாகத் தேடிப் போனது வெடிமருந்தை.

அடுத்து 1789 ஆகஸ்ட் 26-ன் மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனம். 17 பிரிவுகளையும் படிக்க வேண்டாம். 1, 3, 6, 16, 17 ஆகிய ஐந்தையும் எளிய தமிழில் தனித்தனிச் சீட்டில் எழுதி, குழுவுக்கு ஒரு செட் கொடுங்கள். மனிதர்கள் உரிமையில் சமமாகப் பிறக்கிறார்கள். இறையாண்மை தேசத்திடம் இருக்கிறது. சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு. அதிகாரப் பிரிவினை இல்லாத நாட்டுக்கு அரசியலமைப்பே இல்லை. சொத்துரிமை மீறக்கூடாத, புனிதமான உரிமை. இவற்றில் எது மன்னருக்கு வயிற்றைக் கலக்கும், எதை ஒரு பணக்கார வியாபாரி கைதட்டி வரவேற்பார், எதைக் காட்டி ஒரு கூலியாள் "அப்படியானால் எனக்கும் ஓட்டு உண்டா?" என்று கேட்பார் என்று குழுக்கள் அடுக்கட்டும். மூன்றாம் பிரிவில் தேசியவாதத்தின் விதை இருக்கிறது, பதினேழில் தாராளவாதத்தின் முதுகெலும்பு. முதல் பிரிவை வைத்துக்கொண்டுதான் பின்னால் ஜனநாயகவாதிகளும் பெண்களும் அடிமைகளும் வாதாடினார்கள். ஒரே தாளில் இருந்த வாசகங்கள் பிறகு ஒன்றையொன்று முட்டிக்கொண்டன என்பது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சிந்தனையாளர்களைத் தனிப் பாடமாக எடுக்காதீர்கள். 16-ஆம் பிரிவு வரும்போது அதிகாரப் பிரிவினையை எழுதிய மாண்டெஸ்கியூ, ஆறாம் பிரிவில் பொது விருப்பத்தை எழுதிய ரூஸோ, அவ்வளவு போதும். "ரூஸோவும் வால்டேரும் புரட்சியைத் தூண்டினார்கள்" என்று வழிவழியாக எழுதிவருகிறோம். இருவரும் 1778-லேயே இறந்துவிட்டார்கள். கடனில் மூழ்கிய அரசும் 1788-ல் பொய்த்த விளைச்சலும் இல்லாமல் அவர்கள் எழுத்து மட்டும் யாரையும் தெருவுக்குக் கொண்டுவந்திருக்காது.

பிரகடனத்தை அடுத்து 1791-ஐ வைத்தால்தான் தாராளவாதத்தின் உண்மை முகம் தெரியும். அதே சட்டமன்றம், 25 வயது நிரம்பி, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் ஆண்களை மட்டும் "செயலூக்கமுள்ள குடிமக்கள்" ஆக்கியது. வீட்டு வேலைக்காரர்களுக்கு ஓட்டில்லை. ஜூன் 14-ல் வந்த லெ ஷாப்லியே சட்டம் தொழிலாளர்கள் சங்கம் சேர்வதையே தடை செய்தது. இது துரோகமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, அவர்கள் கொள்கைப்படி சரியாகவே நடந்தார்கள்: தனி மனிதனுக்கும் அரசுக்கும் நடுவில் எந்தக் கூட்டமும் வரக்கூடாது, அது பழைய தொழிற்குழுவாக இருந்தாலும் சரி, புதிய சங்கமாக இருந்தாலும் சரி. அதே ஆண்டு பெண்கள் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார்.

பழமைவாதத்தை நடத்தும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிரிகளைக் கில்லட்டினில் வெட்டிய 1793-94-ன் பயங்கர ஆட்சியைப் பார்த்து மிரண்டு, பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் புரட்சியைக் கண்டித்து எழுதினார் என்பார்கள். அவர் புத்தகம் வெளிவந்தது 1790 நவம்பரில். அப்போது மன்னர் அரண்மனையில் இருந்தார், கில்லட்டின் பயன்பாட்டுக்கே வரவில்லை. பல தலைமுறைகள் கட்டிய ஏற்பாட்டை ஒரு தலைமுறையின் தர்க்கத்தால் இடித்தால் கடைசியில் படைத் தளபதி ஒருவர் கையில்தான் அதிகாரம் போய்ச் சேரும் என்று அவர் முன்கூட்டியே எழுதினார். வகுப்பில் ஒரு குழு இந்த வாதத்தை முழு பலத்தோடு பேச வேண்டும். பழமைவாதி என்றால் பிற்போக்குக் கிழவர் என்று காட்டிவிட்டால் நெப்போலியன் வீழ்ந்து பழைய முடியரசுகள் மீண்ட 1815-ஐயும், அந்த ஏற்பாட்டைக் காத்த ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கையும் விளக்கவே முடியாது.

பயங்கர ஆட்சிக்கு ஒரு பீரியட், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கில்லட்டின் கதை தித்திக்கும், நேரம் கரைந்துவிடும். வெளியே போர், மேற்குப் பிரான்ஸின் வான்டேயில் உள்நாட்டுக் கலகம், 1793 செப்டம்பரில் விலைக்கும் கூலிக்கும் உச்சவரம்பு, 1794 பிப்ரவரியில் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிப்பு, ஜூலையில் அந்த ஆட்சியின் முக்கியத் தலைவரான ரோபஸ்பியரின் வீழ்ச்சி: இவ்வளவையும் ஒரே காலக்கோட்டில் காட்டுங்கள். தலைகளை வெட்டியதும் அடிமைமுறையை ஒழித்ததும் ஒரே ஆட்சிதான் என்பதை மழுப்பாமல் சொன்னால் போதும். அடிமைமுறையை 1802-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்ததையும், 1804-ல் ஹைட்டி தனிநாடானதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி இந்தப் பாடத்தின் மையமான பயிற்சி. வகுப்பை எழுப்பி நிற்கவையுங்கள். முதலில் பெண் பிள்ளைகள் எல்லோரும் உட்காரட்டும். பிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல். அதனால் பயிற்சி முடியும்வரை எழுந்திருக்க முடியாது. முணுமுணுப்பு வரும், வரட்டும். மீதி நிற்பவர்களை 40 ஆண்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள் (20 பேர் இருந்தால் பாதியாக்குங்கள்). 1791-ல் சுமார் 43 லட்சம் பேருக்கு ஓட்டு. 40-ல் ஏறத்தாழ 25 பேர் நிற்கலாம். மன்னராட்சி திரும்பியபின், 1820-களில் 30 வயதும் 300 பிராங்க் நேரடி வரியும் வேண்டும். நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 40-ல் ஒருவர்கூடத் தேறாது, எல்லோரும் உட்காரட்டும். 1830 ஜூலைப் புரட்சிக்குப் பின் 25 வயது, 200 பிராங்க். 1846-ல் சுமார் 2.4 லட்சம் பேர். ஒருவர் எழுந்து நிற்கலாம். ஒரே ஒருவர்! 1848-ல் ஆண்கள் அனைவருக்கும், 90 லட்சத்துக்கு மேல். நாற்பது பேரும் எழலாம்.

அந்த ஒருவர் தனியாக நிற்கும்போதுதான் கேளுங்கள்: 1830-ல் தெருவில் தடுப்பரண் போட்டுச் செத்தது யார், ஓட்டு வாங்கியது யார்? மன்னர் பத்தாம் சார்லஸ் பத்திரிகைகளை முடக்கி, ஓட்டுரிமையைச் சுருக்கிப் போட்ட ஆணைகள் ஜூலை 26-ல் வெளியாயின. 27 முதல் 29 வரை பாரிஸ் தொழிலாளர்கள் சண்டையிட்டார்கள். அரியணை லூயி ஃபிலிப்புக்குப் போனது. பின்னாளில் அவருடைய முதன்மை அமைச்சரான கீஸோவின் நிலை, சுருக்கமாகச் சொன்னால்: ஓட்டு வேண்டுமானால் சம்பாதித்து வரித் தகுதிக்கு வாருங்கள். தாராளவாதமும் ஜனநாயகமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. (மார்பு திறந்த பெண் கொடியேந்தி வரும் டெலாக்ருவாவின் ஓவியம் 1830-ஐப் பற்றியது. அதை 1789-க்குப் படமாகப் போடும் சார்ட்டுகளைக் கிழித்துப் போடலாம்.)

1848-ல் சோசலிசம் தானாக வந்து சேரும். பிப்ரவரியில் லூயி ஃபிலிப் விழுந்து குடியரசு, கூடவே வேலை உரிமை என்ற வாக்குறுதி, வேலையில்லாதவர்களுக்கு அரசே வேலை கொடுக்கத் தேசியத் தொழிற்கூடங்கள். வேலை உள்ள நாளுக்கு 2 பிராங்க். ஜூனுக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிந்துவிட்டார்கள். பணத்துக்கு அரசு, நேரடி வரியில் பிராங்குக்கு 45 சாண்டிம் (100 சாண்டிம் ஒரு பிராங்க்) கூடுதலாகப் போட்டது. கட்டியவர்கள் பெரும்பாலும் கிராமத்து நிலக்காரர்கள். ஏப்ரல் 23 தேர்தலில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவு. ஏறத்தாழ 900 இடங்களில் மிதவாதக் குடியரசுவாதிகளும் முடியரசுக்காரர்களும் பெரும்பான்மை, சோசலிஸ்டுகளும் தீவிரக் குடியரசுவாதிகளும் சிறுபான்மை. தொழிற்கூடங்களைக் கலைக்கும் ஆணை ஜூன் 21-ல் வந்தது: இளைஞர்கள் பட்டாளத்துக்கு, மற்றவர்கள் வெளியூர் வேலைக்கு. 23 முதல் 26 வரை பாரிஸில் தெருப்போர். டிசம்பரில் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன் 54 லட்சம் ஓட்டு வாங்கி ஜனாதிபதி. எல்லோருக்கும் ஓட்டு வந்தால் புரட்சி வெல்லும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பு உடையும் இடத்தில் நிறுத்தி, ஒரு விவசாயியின் பக்கத்திலிருந்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய பொதுவுடைமை அறிக்கையால்தான் 1848 வெடித்தது என்று எழுதினால் திருத்துங்கள். அது அதே பிப்ரவரியில் லண்டனில் ஜெர்மன் மொழியில் அச்சானது, புரட்சியின் போக்கில் அதற்குப் பங்கு ஏறக்குறைய இல்லை.

தேசியவாதத்துக்கு மட்டும் பிரான்ஸை விட்டு வெளியே போக வேண்டும். இத்தாலி, ஜெர்மனி, போலந்து என்று அலையாமல் ஆஸ்திரியப் பேரரசை எடுங்கள். 1848 மார்ச் 13-ல் தலைநகர் வியன்னா கிளர்ந்தெழ மெட்டர்னிக் பதவி விலகி ஓடினார். 15-ல் பேரரசுக்குள் இருந்த ஹங்கேரியின் பெஸ்ட் நகரம். ஹங்கேரியர்கள் தங்களுக்குக் கேட்ட உரிமையைத் தங்கள் எல்லைக்குள் இருந்த குரோட்டுகள், செர்பியர்கள், ருமேனியர்கள், ஸ்லோவாக்குகளுக்குத் தேசங்கள் என்ற முறையில் தர மறுத்தார்கள். விளைவு, குரோட்டியத் தளபதி யெலாசிச் செப்டம்பரில் பேரரசரின் பக்கம் நின்று ஹங்கேரி மீது படையெடுத்தார். அதே செப்டம்பர் 7-ல் ஆஸ்திரியாவில் பண்ணையடிமைக் கடமைகள் சட்டப்படி ஒழிந்தன; விவசாயிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நகரத்துப் புரட்சியில் அவனுக்கு அக்கறை போய்விட்டது. 1849 ஆகஸ்டில் ரஷ்யப் படையின் உதவியோடு ஹங்கேரி அடக்கப்பட்டது.

தேர்வுக்கு எட்டு மதிப்பெண் கேள்வி ஒன்று போதும்: "1848 ஏப்ரலில் ஆண்கள் அனைவரும் ஓட்டளித்தும் சோசலிஸ்டுகள் ஏன் தோற்றார்கள்?" 45 சாண்டிம் வரிக்கு 2, பாரிஸுக்கும் கிராமத்துக்கும் இருந்த நலன் வேறுபாட்டுக்கு 2, சொத்துரிமை பற்றிய அச்சத்துக்கு 2, தாராளவாதி, ஜனநாயகவாதி, சோசலிஸ்ட் மூவரையும் குழப்பாமல் பிரித்துக் காட்டினால் 2. "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மட்டும் எழுதிய விடைத்தாளுக்கு மதிப்பெண் வேண்டாம், ஓரத்தில் "எந்த மக்கள்? என்ன வரி கட்டினார்கள்?" என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள்.