நூறு மரத்துக்கு ஏன் விலை குறைகிறது?

கேள்வி: குலசேகரம் பக்கம் 60 சென்டில் 100 ரப்பர் மரம் நிற்கிறது. 12 ஏக்கர் வைத்திருக்கும் எங்கள் அண்ணனுக்குக் கிடைக்கும் விலை எனக்குக் கிடைப்பதில்லை. பாலாகவே கொடுக்கலாமா, ஷீட் (உறையவைத்துத் தகடாக அழுத்தி உலர்த்திய ரப்பர்) அடிக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: உங்கள் மரத்திலோ பாலிலோ குறையில்லை, அம்மா. அளவுதான் உங்களை அடிக்கிறது. பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு காலை வேலை என்பது ஏறக்குறைய 300 மரம். உங்கள் 100 மரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், பெரிய தோட்டத்தை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார். அதற்குள் வெயில் ஏறிப் பால் வரத்து குறைந்துவிடும்.

அடுத்த இழப்பு அளவையில். ஒரு வெட்டுக்கு 12 லிட்டர் பால், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) 33 சதவீதம் என்று வையுங்கள். ஏறக்குறைய 4 கிலோ உலர் ரப்பர் வரும். அந்தப் பங்கைக் காட்டும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை வியாபாரி அவசரமாக முக்கிப் பார்த்து 30 என்று எழுதினால் 360 கிராம் போயிற்று. நூறு வெட்டில் 36 கிலோ! 10 கிராம் பாலை உறையவைத்து, மெல்லிதாக அழுத்தி, முழுதாக உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 3.3 கிராம் இருந்தால் 33. இந்தக் கணக்கு கையில் இருந்தால் வியாபாரியிடம் தைரியமாகப் பேசலாம்.

ஷீட் என்றால், டி.ஆர்.சி. 12.5 சதவீதமாக இறங்கும்படி தண்ணீர் கலந்த 4 லிட்டர் பாலில் அரை கிலோ ஷீட் ஒன்று. உங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு. எட்டு ஷீட்டுக்காக, புகையில் உலர்த்தும் அறையான புகைப்புரையில் நாலு நாள் விறகு எரிப்பது கட்டாது. வெறுமனே கொடியில் உலர்த்தினால் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துத் தரம் இறங்கும். ரப்பர் வாரியம் தினமும் அறிவிக்கும் கோட்டயம் விலை ஆர்.எஸ்.எஸ்.4 என்ற, புகையில் உலர்த்திய ஷீட்டின் நான்காம் தரத்துக்கு உரியது. பூசணம் பிடித்த ஷீட்டுக்கு அது கிடைக்காது. மலிவு என்று, பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலம் ஊற்றுவதும் வேண்டாம். ஷீட்டும் கெடும், அதை அழுத்தும் ரோலரும் துருவேறும்.

ஆகவே தனியாக எதையும் வாங்காதீர்கள். உங்களைப் போன்ற ஆறு வீடுகள் சேருங்கள். மூன்று வீட்டு மரம் இன்று, மற்ற மூன்று வீட்டு மரம் நாளை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பதால் ஒரே தொழிலாளிக்கு தினமும் முழு வேலை. அவர் விடியுமுன் வருவார். ரோலரும் புகைப்புரையும் பொதுவில் இருக்கட்டும். பக்கத்தில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

சேரும் குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஒருவர் பாலில் தண்ணீர் இருக்கும், நஷ்டம் எல்லோருக்கும். ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தனியே அளந்து, மாதிரி எடுத்து, நோட்டில் எழுதிய பிறகே ஒரே பாத்திரத்தில் ஊற்றுங்கள். பால் உறையத் தொடங்குமுன் இது முடிய வேண்டும்.

பால் சேகரிக்கும் இடம் காலையிலேயே எட்டும் தூரத்தில் இருந்தால், மழை மாதங்களில் பாலாகவே கொடுங்கள். பால் வடியும் சிரட்டையில் ஒட்டி உறையும் ஒட்டுப்பாலைப் பட்டைத்தூள் இல்லாமல் தனியே சேருங்கள். தூசியைக் காட்டித்தான் அதில் எடை கழிப்பார்கள்.